வாரண்டி இருக்கிறதே என்று நம்பி 57 நாட்கள்

லேப்டாப் முதல் தடவை பட்டென்று அணைந்தபோது எனக்குப் பெரிய கவலை ஒன்றும் வரவில்லை. வாங்கி 10 மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு வருட வாரண்டி இருக்கிறது, ஏதாவது என்றால் கம்பெனிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று மறுபடி ஆன் செய்து வேலையைத் தொடர்ந்தேன். அடுத்த வாரம் இரண்டு முறை அணைந்தது, அதற்கடுத்த வாரம் நாலைந்து முறை. கையில் ஒரு புத்தகத்தின் பக்க வடிவமைப்பு வேலை இருந்தது. அதை முடித்துக் கொடுத்துவிட்டு நிதானமாகப் புகார் செய்யலாம் என்று மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். நான் செய்த முதல் முட்டாள்தனம் அதுதான். புகார் செய்த நாளிலிருந்து லேப்டாப் சரியாகி என் மேசைக்குத் திரும்ப 57 நாள் ஆனது. இடையில் இரண்டு வேலைகள் கைவிட்டுப் போயின. வாடகைக்கு ஒரு பழைய மெஷின் எடுக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் லேப்டாப் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போயிருக்கிறது. ரிப்பேருக்கென்று கொடுத்ததோ சல்லிக்காசு இல்லை. வாரண்டிதான் இருந்ததே!

முன்கூட்டியே யாராவது உட்கார வைத்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் இதில் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். எனக்குச் சொல்ல யாரும் இல்லை, அதனால் நான் சொல்கிறேன். கம்பெனியின் பெயரை எழுதப் போவதில்லை. வேறு கம்பெனியில் வாங்கியிருந்தால் இப்படி நடந்திருக்காது என்ற நம்பிக்கையும் எனக்கு இப்போது இல்லை, ஏனென்றால் அதற்கப்புறம் நாலைந்து கம்பெனிகளின் வாரண்டி விதிகளை உட்கார்ந்து வரிவரியாகப் படித்துவிட்டேன். வார்த்தைகள்தான் வேறு, விஷயம் ஒன்றுதான்.

புகார் கொடுக்க அவர்களுடைய தளத்தில் சீரியல் நம்பரைப் போட்டேன். முதல் அதிர்ச்சி அங்கேயே காத்திருந்தது. என் பில் கணக்குப்படி வாரண்டி முடிய இன்னும் ஆறு வாரம் இருந்தது. தளமோ இன்னும் 11 நாள்தான் என்றது. விசாரித்தால், தொழிற்சாலையிலிருந்தோ கிடங்கிலிருந்தோ பெட்டி கிளம்பிய தேதியைத்தான் அவர்களுடைய கணினி தொடக்கத் தேதியாக எடுத்துக்கொண்டிருக்கிறது. கடையில் அது ஒரு மாதம் தூங்கியதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? நல்லவேளை, பில்லின் நகலைப் பதிவேற்றினால் வாங்கிய தேதிக்கு மாற்றித் தருவார்கள். எனக்கு இரண்டு நாளில் மாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் பில் கையில் இருந்தால்தான் இது நடக்கும். கடைகளில் தரும் சில வகை பில்களில் எழுத்து நாளாக ஆக மங்கி வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். கையோடு அந்த வாரமே தளத்தில் வாரண்டி எந்தத் தேதியில் முடிகிறது என்று பார்த்து, தப்பாக இருந்தால் அப்போதே மாற்றச் சொல்லிவிடுங்கள். கெட்டுப்போன பிறகு இதற்கெல்லாம் பொறுமை இருக்காது.

அப்புறம் போன். 40 நிமிடம் இசை கேட்ட பிறகு ஒருவர் எடுத்தார். மரியாதையாகத்தான் பேசினார். நான் என்ன சொன்னாலும் அவர் முன்னால் இருக்கும் திரையில் அடுத்து என்ன வருகிறதோ அதைத்தான் கேட்டார். சார்ஜரைக் கழற்றி மாட்டினீர்களா? பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடித்தீர்களா? பயாஸ் புதுப்பித்தீர்களா? எல்லாம் செய்தாயிற்று என்றேன், மறுபடி செய்யச் சொன்னார். கோபம் தலைக்கேறியது. இப்போது யோசித்தால் அவர்மேல் தப்பில்லை என்று தோன்றுகிறது. முதல் நிலையில் போன் எடுப்பவருக்கு அந்தப் படிகளைத் தாண்டி எதையும் தீர்மானிக்க அதிகாரம் இல்லை. ஒவ்வொரு படிக்கும் “செய்தாயிற்று, சரியாகவில்லை” என்று அவர் குறித்தால்தான் அடுத்த நிலைக்கு அது போகும். ஆகவே வாதாடாமல் படிகளைக் கடகடவென்று முடிப்பதுதான் அவருக்கும் நமக்கும் நல்லது. போன் போடுவதற்கு முன்பே வழக்கமான ஐந்தாறு சோதனைகளையும் செய்து, எந்தத் தேதியில் எதைச் செய்தோம், என்ன ஆனது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு வாசித்துவிட்டால் பாதி நேரம் மிச்சம். இரண்டாவது முறை அப்படித்தான் செய்தேன், 15 நிமிடத்தில் மேல்நிலைக்கு மாற்றிவிட்டார்கள்.

முதல் முறை அது தெரியாதே. ரேமைக் கழற்றச் சொன்னார்கள். நான் இடையில் கூடுதலாக ஒரு ரேம் வாங்கிப் போட்டிருந்தேன், அது அவர்களுடைய உறுப்பு இல்லையாம். சரி, நியாயம்தான். அதைக் கழற்றினேன், அப்போதும் அணைந்தது. வெளியே மாட்டியிருந்த மானிட்டர் எங்களுடையதல்ல, அது இல்லாமல் சோதியுங்கள் என்றார்கள். அதையும் செய்தேன். கடைசியில் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள் என்றார்கள், அதாவது எல்லாவற்றையும் அழித்துவிட்டு வாங்கியபோது இருந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும். கரண்ட் போன மாதிரி அணைகிற மெஷினுக்கு ரீசெட் என்ன செய்யும் என்று கேட்டேன். மென்பொருள் பிரச்சினை இல்லை என்று உறுதி செய்தால்தான் வன்பொருள் புகாராகப் பதிய முடியும் என்று பதில் வந்தது.

ரீசெட் செய்தேன். இரண்டு நாள் போயிற்று. வேலைக் கோப்புகளை மட்டும் வெளி டிஸ்க்கில் நகல் எடுத்திருந்தேன். எழுத்துருக்கள், மென்பொருள் உரிமங்கள், மின்னஞ்சல் செயலியில் கணினிக்குள்ளேயே சேமித்திருந்த பழைய கடிதங்கள், பிரவுசரில் இருந்த கடவுச்சொற்கள், இவையெல்லாம் என் நினைவுக்கே வரவில்லை. பழைய கடிதங்கள் போனது போனதுதான். இன்னொரு காரியமும் அப்போது நடந்தது. புதிதாக விண்டோஸை அமைக்கும்போது ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்டது. அவசரத்தில், எப்போதோ உருவாக்கி மறந்துபோயிருந்த ஒரு பழைய கணக்கைக் கொடுத்துவிட்டு அடுத்து, அடுத்து என்று தட்டிக்கொண்டே போனேன். இதன் பலனை 50-வது நாளுக்கு மேல் அனுபவித்தேன், அங்கே வருகிறேன்.

ரீசெட் முடிந்து மூன்று மணி நேரத்தில் மறுபடி அணைந்தது. மூன்றாவது போன். இந்த முறை வேறொருவர் எடுத்து, “சொல்லுங்கள், என்ன பிரச்சினை?” என்று ஆரம்பித்தார். முதலிலிருந்து ராமாயணம். முந்தைய இரண்டு அழைப்புகளில் ஒன்று பதிவாகவே இல்லை. முதல் நாள் பேசியவர் கேஸ் நம்பர் தரவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஒவ்வொரு அழைப்பின் முடிவிலும் கேஸ் நம்பரைக் கேட்டு வாங்குங்கள். போனை வைத்த ஐந்து நிமிடத்தில், “இன்று இத்தனை மணிக்குப் பேசினேன், இன்னது சொன்னீர்கள், அடுத்து இன்னது செய்வதாக ஒப்புக்கொண்டீர்கள்” என்று அந்த நம்பரைப் போட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் பரவாயில்லை, தேதியோடு உங்கள் கையில் ஒரு ஆவணம் இருக்கும். பின்னால் என்னைக் காப்பாற்றியது இப்படிப்பட்ட ஒரு மின்னஞ்சல்தான்.

வீட்டுக்கு ஆள் வந்து பார்ப்பார்கள் என்று நினைத்திருந்தேன். என்னுடைய வாரண்டி அந்த வகை இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பொதுவாக மூன்று வகை இருக்கிறது. நாமே சர்வீஸ் மையத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது ஒன்று. பெட்டியில் போட்டு அவர்களுடைய மையக் கிடங்குக்கு கூரியரில் அனுப்புவது இன்னொன்று. ஆளே உதிரிபாகத்தோடு நம் இடத்துக்கு வருவது மூன்றாவது. தொழில் நிறுவனங்களுக்கென்று விற்கும் மாடல்களில் மூன்றாவது வகை பெரும்பாலும் சேர்ந்தே வரும். வீட்டு உபயோக மாடல்களில் தனியாகப் பணம் கட்டினால்தான் கிடைக்கும். வாங்கும்போது ப்ராசஸர், ரேம், திரை எல்லாவற்றையும் ஒரு வாரம் ஒப்பிட்டுப் பார்த்த நான் இந்த ஒரு வரியைப் பார்க்கவில்லை. லேப்டாப்பை வைத்துத்தான் பிழைப்பு என்றால், ப்ராசஸரில் ஒரு படி குறைத்துக்கொண்டாவது ஆள் வந்து பார்க்கும் வாரண்டியை வாங்குவேன். இனிமேல் அப்படித்தான்.

பெட்டியில் போட்டு அனுப்பினேன். 12 நாள் சத்தமே இல்லை, தளத்தில் “பரிசோதனையில் உள்ளது” என்று ஒரே வரி. 13-வது நாள் திரும்பி வந்தது. உள்ளே ஒரு தாள்: 30 நிமிடம் இயக்கிப் பார்த்தோம், குறை எதுவும் காணப்படவில்லை. அந்தத் தாளைப் படித்தபோது வந்த எரிச்சலை இங்கே எழுத முடியாது. பொய் சொல்கிறேன் என்றே சொன்ன மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் வேலையின் நடுவில் மறுபடி அணைந்தது. அன்று நிஜமாகவே அழுதேன், சொல்வதில் வெட்கமில்லை.

அப்புறம்தான் கோபத்தைத் தள்ளி வைத்துவிட்டு யோசித்தேன். விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு இதுதான் விதி. பல் டாக்டரிடம் போனதும் வலி நின்றுபோகிற மாதிரி, சர்வீஸ் மேசையில் மெஷின் ஒழுங்காக நடந்துகொள்ளும். எப்போது, எந்த நிலையில் கோளாறு வருகிறது என்று நாம் சொல்லாவிட்டால் அவர்களாகத் தேடிக் கண்டுபிடிக்கப் போவதில்லை. “அடிக்கடி அணைகிறது” என்று மட்டும்தான் நான் எழுதிக் கொடுத்திருந்தேன். அதற்கு 30 நிமிடச் சோதனை என்பது அவர்கள் பக்கம் நியாயமாகக்கூட இருக்கலாம்.

நான்கு நாள் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். சார்ஜர் மாட்டியிருக்கும்போது மட்டும் அணைகிறது, பேட்டரியில் மட்டும் ஓடினால் அணைவதில்லை. குளிர்ந்த நிலையில் ஆன் செய்தால் 40 நிமிடம் வரை ஒன்றும் ஆவதில்லை, சூடேறிய பிறகுதான் வருகிறது. அதே வகைச் சார்ஜர் ஒன்றைத் தெரிந்தவரிடம் வாங்கி மாட்டிப் பார்த்தேன், அப்போதும் அணைந்தது, ஆக சார்ஜர் காரணம் இல்லை. விண்டோஸில் ஈவென்ட் வியூவர் என்று ஒன்று இருக்கிறது. முறையாக மூடப்படாமல் கணினி அணைந்து மறுபடி எழும்போது அது கெர்னல்-பவர் என்ற பெயரில் 41 என்ற எண்ணோடு ஒரு பதிவு போடும். ஏன் அணைந்தது என்று அது சொல்லாது. ஆனால் எந்தத் தேதி, எந்த நேரம் என்று வரிசையாக இருக்கும், கற்பனையாகச் சொல்கிறோம் என்று யாரும் சொல்ல முடியாது. என் மெஷினில் அந்த நான்கு நாளில் 23 பதிவுகள். அவற்றை ஸ்க்ரீன்ஷாட் எடுத்தேன். அணைவதை இரண்டு முறை போன் கேமராவில் வீடியோ எடுத்தேன், திரையில் கடிகாரமும் சார்ஜர் விளக்கும் தெரிகிற மாதிரி. பெரும்பாலான லேப்டாப்களில் ஆன் செய்யும்போதே ஒரு பொத்தானை அழுத்தினால் கம்பெனியே வைத்திருக்கும் வன்பொருள் சோதனை ஓடும். விண்டோஸுக்கு வெளியே ஓடுவதால், “மென்பொருள் பிரச்சினையாக இருக்கலாம்” என்று அந்த முடிவைத் தட்டிக்கழிக்க முடியாது. அதில் ஒரு பிழை எண் கிடைத்துவிட்டால் அதைப் போல வசதியான சாட்சி வேறில்லை. எனக்கு விரிவான சோதனையை மூன்று முறை ஓட்டிய பிறகு ஒரு முறை கிடைத்தது.

இத்தனையையும் ஒரே பக்கத்தில் எழுதி, மின்னஞ்சலிலும் அனுப்பி, அச்சிட்டுப் பெட்டிக்குள்ளும் வைத்தேன். “குறைந்தது இரண்டு மணி நேரம் சார்ஜரோடு இயக்கிப் பார்க்கவும்” என்று மேலேயே பெரிய எழுத்தில் போட்டேன். இன்னொன்றும் செய்தேன், ஏதோ உள்ளுணர்வு. பெட்டியில் வைப்பதற்கு முன் லேப்டாப்பை எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்தேன்: மூடி, திரை, கீபோர்டு, ஓரங்கள், கீல்கள், அடியில் சீரியல் நம்பர் ஒட்டியிருக்கும் இடம். முதல் முறை இதைச் செய்யவில்லை, திரும்பி வந்தபோது மூடியில் ஒரு கீறல் இருந்தது, அது முன்பே இருந்ததா என்று எனக்கே தெரியவில்லை. கீறலும் உடைசலும் வாரண்டியில் வராது, ஆகவே போட்டோ இல்லாமல் அதைப் பற்றிப் பேசிப் பயனே இல்லை.

அனுப்பி ஒரு வாரம் கழித்து, அதாவது 40-வது நாள், மின்னஞ்சல் வந்தது. மதர்போர்டில், அதாவது மற்ற உறுப்புகளெல்லாம் இணைந்திருக்கும் முக்கியப் பலகையில், திரவம் பட்ட அறிகுறி இருக்கிறது, இது பயன்படுத்துபவரால் ஏற்பட்ட சேதம், வாரண்டியில் அடங்காது. கட்டணத்துக்கு மாற்றித் தர இத்தனை ஆகும். அந்தத் தொகை லேப்டாப் விலையில் பாதிக்கும் மேல். வேண்டாமென்றால் சோதனைக் கட்டணம் கட்டி எடுத்துக்கொள்ளலாம். வாரண்டி முடிய அப்போது இரண்டே நாள் இருந்தது.

பல லேப்டாப்களில் உள்ளே சிறு வெள்ளை ஸ்டிக்கர்கள் இருக்கும், ஈரம் பட்டால் சிவப்பாக மாறும். அது சிவந்துவிட்டால் எந்தப் பேச்சும் எடுபடாது. நான் லேப்டாப் பக்கத்தில் தண்ணீர் பாட்டில்கூட வைக்காத ஆள். இருந்தாலும் ஒரு இரவு முழுக்க என்னையே சந்தேகப்பட்டேன். எப்போதாவது ஈரக் கையோடு தொட்டேனா? வேறு யாராவது எதையாவது கொட்டிவிட்டுச் சொல்லாமல் இருந்தார்களா? வீட்டில் எல்லோரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி விசாரித்தேன். அதற்கு இன்றுவரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

காலையில் ஒன்று தோன்றியது. போன் போடவில்லை, மின்னஞ்சலில் மூன்றே கேள்வி கேட்டேன். சேதம் எந்த இடத்தில் என்று தெரிகிற மாதிரி போட்டோ வேண்டும். அந்தப் போட்டோவில் சீரியல் நம்பரும் தெரிய வேண்டும். முதல் முறை அனுப்பியபோது நீங்களே திறந்து பார்த்து “குறை எதுவும் காணப்படவில்லை” என்று எழுதிக் கொடுத்தீர்களே, அப்போது இந்தத் திரவம் எங்கே போயிருந்தது? அவர்களுடைய அந்தப் பழைய தாளையும் இணைத்தேன். என்னை அழவைத்த தாள் இப்போது எனக்கே சாட்சியாக வந்தது.

போட்டோ வர நான்கு நாள் ஆனது. கறைபடிந்த ஒரு மதர்போர்டு, பக்கத்தில் கழற்றி வைத்த அடி மூடி, அதில் சீரியல் நம்பர். பெரிதாக்கிப் பார்த்தேன். கடைசி நான்கு எழுத்து என்னுடையது இல்லை. நான் எடுத்து வைத்திருந்த போட்டோவோடு மூன்று முறை ஒப்பிட்டேன், கை நடுங்கியது. வேறு யாரோ தண்ணீர் கொட்டிய லேப்டாப்பின் பழியை என் தலையில் கட்டியிருக்கிறார்கள்! இரண்டு போட்டோவையும் அருகருகே வைத்து அனுப்பினேன். இரண்டு நாளில் ஒரு வரி பதில் வந்தது: “மறு ஆய்வுக்குப் பின், வாரண்டியின் கீழ் மதர்போர்டு மாற்றித் தரப்படும்.” மன்னிப்பு என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. இதற்குள் வாரண்டித் தேதி தாண்டிவிட்டிருந்தது. ஆனால் கேஸ் அதற்கு முன்பே பதிவானது என்பதற்கு நம்பரும் மின்னஞ்சலும் இருந்ததால் அதைப் பற்றி அவர்கள் பேச்செடுக்கவில்லை. நான் கட்டணத்துக்குச் சம்மதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். இல்லாத தண்ணீருக்குப் பாதி லேப்டாப் விலை கட்டியிருப்பேன்.

போர்டு கையிருப்பில் இல்லையென்று ஒன்பது நாள் போனது. வருகிற உதிரிபாகம் புதியதாகத்தான் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலான வாரண்டி விதிகளில் “புதியது அல்லது புதியதற்கு இணையானது” என்று ஒரு வாசகம் இருக்கும். சீர்செய்யப்பட்ட பழைய போர்டைப் போடும் உரிமையை அந்த ஒரு வாசகத்திலேயே எடுத்துக்கொண்டுவிடுவார்கள். என்னுடையது எந்த வகை என்று கேட்டேன், பதில் இல்லை.

57-வது நாள் லேப்டாப் வந்தது. ஆசையாக ஆன் செய்தேன். நீலத் திரை. பிட்லாக்கர் மீட்புச் சாவியை உள்ளிடவும், 48 இலக்கம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் எந்தப் பூட்டும் போடவில்லையே! தேடிப் படித்த பிறகு விளங்கியது. இப்போதைய விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால், பல கணினிகளில் டிஸ்க் தானாகவே மறையாக்கம் செய்யப்படுகிறது, அதாவது சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டப்படுகிறது. அந்தப் பூட்டின் பெயர்தான் பிட்லாக்கர். அதன் சாவி மதர்போர்டோடு இருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதியோடு பிணைக்கப்பட்டிருக்கும். போர்டை மாற்றினால் டிஸ்க் புதிய போர்டைத் திருடனாகப் பார்க்கிறது, மீட்புச் சாவி கேட்கிறது. சாவியின் பிரதி அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். எந்தக் கணக்கு? ரீசெட் அன்று அவசரத்தில் கொடுத்தேனே, அந்தப் பழைய கணக்கு. அன்று என்ன கடவுச்சொல் தட்டினேன் என்பதோ நினைவில் இல்லை. நடுராத்திரி வரை போராடி, பழைய போன் எண்ணுக்கு வந்த குறியீட்டைக் கொண்டு உள்ளே நுழைந்து சாவியை எடுத்தேன். அந்த எண்ணை மாற்றியிருந்தால் டிஸ்க்கில் இருந்ததெல்லாம் போயிருக்கும். கஸ்டமர் கேரிடம் கேட்டேன். தரவுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று விதியிலேயே இருக்கிறது என்றார்கள். உண்மை, இருக்கிறது. எல்லாக் கம்பெனி விதியிலும் இருக்கிறது. மெஷினைத்தான் அவர்கள் காக்க வேண்டும், அதற்குள் இருக்கும் நம் வேலை அவர்கள் கணக்கிலேயே வராது.

அதனால் லேப்டாப் நன்றாக ஓடும்போதே, முடிந்தால் இன்றைக்கே, உங்கள் டிஸ்க் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறதா என்று அமைப்புகளில் பாருங்கள். செய்யப்பட்டிருந்தால் அந்த 48 இலக்கத்தை ஒரு தாளில் எழுதி வேறு இடத்தில் வையுங்கள். சர்வீஸுக்கு அனுப்பும் முன் எஸ்எஸ்டியை, அதாவது உள்ளே இருக்கும் டிஸ்க்கை, கழற்றி வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். சில கம்பெனிகள் சம்மதிக்கின்றன, சில கம்பெனிகள் டிஸ்க்கை நாமே வைத்துக்கொள்ள ஒரு தனிச் சேவையே விற்கின்றன. எந்தப் பதிலானாலும் எழுத்தில் வாங்குங்கள். ஸ்க்ரூமேல் ஒட்டியிருந்த “பிரித்தால் வாரண்டி செல்லாது” ஸ்டிக்கரைப் பார்த்து நான் பயந்துவிட்டேன். இந்த மாதிரி வாசகம் எல்லா இடத்திலும் செல்லுபடியாவதில்லை. அமெரிக்காவில் 1975-ல் வந்த மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டத்தைக் காட்டி, அங்குள்ள மத்திய வர்த்தக ஆணையம் 2018-ல் ஆறு கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் கம்பெனி வாரண்டி எத்தனை மாதமானாலும், விற்றவர் குறைந்தது இரண்டு வருடம் சட்டப்படி பொறுப்பு. நீங்கள் இருக்கும் இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு முறை தேடிப் பாருங்கள். கம்பெனியின் தாளில் எழுதியிருப்பதற்கு மேலேயும் உங்களுக்கு உரிமை இருக்கலாம், அதைப் போனில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

கூடுதல் வாரண்டி வாங்கலாமா என்று என்னிடம் இப்போது பலர் கேட்கிறார்கள். வாங்குவதற்கு முன் எது எது அடங்காது என்ற பக்கத்தை முதலில் படியுங்கள், விளம்பரப் பக்கத்தை அப்புறம் பார்க்கலாம். மூன்று வருட வாரண்டி என்றாலும் பேட்டரிக்குப் பெரும்பாலும் ஒரு வருடம்தான், அதுவும் திடீரென்று செத்தால்தான். மெல்ல மெல்லத் திறன் குறைவது “தேய்மானம்”. திரையில் ஒரு புள்ளி இறந்தால் மாற்ற மாட்டார்கள், இத்தனைக்கு மேல் இருந்தால்தான் என்று ஒரு எண்ணிக்கை வைத்திருப்பார்கள். 1920-க்கு 1080 திரையில் 20 லட்சத்துக்கு மேல் புள்ளிகள் இருக்கின்றன, ஒன்றிரண்டு போனால் என்ன என்பது அவர்கள் வாதம். அந்த ஒன்று நடுத்திரையில் இருந்தால் தெரியும் சங்கதி. கீழே விழுவது, தண்ணீர் கொட்டுவது இரண்டுக்கும் விபத்துப் பாதுகாப்பு என்று தனியாக ஒன்று வாங்க வேண்டும். கீல் உடைவது எந்தப் பக்கம் சேரும் என்பதில் எப்போதும் சண்டைதான், கீல் தளர ஆரம்பித்த அன்றே புகாரைப் பதிந்துவிடுங்கள், உடைந்து தொங்கும்வரை காத்திருந்தால் “நீங்கள் முரட்டுத்தனமாகத் திறந்தீர்கள்” என்பார்கள்.

பேட்டரி பற்றிச் சொன்னேனே, அதிலும் அடிபட்டேன். புதுப் போர்டு வந்த மறுநாள் பேட்டரி வேகமாகக் குறைகிற மாதிரி இருந்தது. விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் பவர்சிஎஃப்ஜி என்று தட்டி, இடம் விட்டு, சாய்கோடு போட்டு பேட்டரிரிப்போர்ட் என்று சேர்த்து ஆங்கிலத்தில் (powercfg /batteryreport) தட்டினால் ஒரு அறிக்கை வரும். தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது முழுதாக ஏறும் கொள்ளளவும் அதில் பக்கத்து பக்கத்தில் இருக்கும். என்னுடையது 71 சதவீதம். ஒரு வருடத்தில் இவ்வளவு குறைவது அதிகம் என்று நினைத்துக் கேட்டேன். “தேய்மானம்,” என்றார்கள். “வாரண்டியும் முடிந்துவிட்டது.” பத்தாவது மாதத்தில் ஒரு முறை இந்த அறிக்கையை எடுத்துப் பார்த்திருந்தால் கேட்டுப் பார்க்கவாவது நேரம் இருந்திருக்கும். வாரண்டி முடிவதற்கு இரண்டு மாதம் முன்பு நாட்காட்டியில் குறித்து வைத்து ஒரு முழுப் பரிசோதனை செய்யுங்கள்: பேட்டரி, எல்லா யுஎஸ்பி துளைகள், கேமரா, மைக், ஸ்பீக்கர், ஒவ்வொரு கீயும், கீல்கள், திரையை முழு வெள்ளையிலும் முழுக் கறுப்பிலும். அரை மணி நேர வேலைதான்.

வாடகை மெஷினை விலைக்கே வாங்கிவிட்டேன், பழையதுதான், மெதுவாகத்தான் ஓடும், இருந்தாலும் ஒரு வேலையை முடித்துக் கொடுக்க அது போதும். கோப்புகள் இரண்டிலும் தானாகவே ஒத்திசைந்துகொள்கின்றன, தனியாக ஒரு வெளி டிஸ்க்கும் உண்டு. மாற்றிய உதிரிபாகத்துக்கு 90 நாள் வாரண்டி என்று கடைசித் தாளில் எழுதியிருந்தார்கள். இன்று 61-வது நாள். தினமும் இரவு லேப்டாப்பை மூடும் முன் ஈவென்ட் வியூவரைத் திறந்து 41 வந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். இதுவரை இல்லை.